மாசோலியம்: சமாதியா, நினைவிடமா, பள்ளிப்படையா?

மாஸ்கோவின் செஞ்சதுக்கத்தில் லெனின் உடல் கிடத்தப்பட்டிருக்கும் கட்டடத்தைத் தமிழில் என்னவென்று எழுதுவது? ஒரு நாள் 'லெனின் சமாதி' என்று படிக்கிறோம். இன்னொரு நாள் அதே இடம் 'லெனின் நினைவிடம்' ஆகிறது, வேறொருவர் எழுதினால் 'லெனின் கல்லறை'. மூன்றும் ஒரே இடத்தைத்தான் சொல்கின்றன, ஆனால் ஒரே பொருளைச் சொல்லவில்லை. சமாதி என்றதும் இறந்தவர் ஞானியாகிவிடுகிறார். நினைவிடம் என்றால் அங்கே உடல் இருப்பதே தெரியாமல் போகிறது. கல்லறை என்றாலோ ஒரு மேடும் சிலுவையும்தான் நம் கண்முன் வருகின்றன. ரஷ்யர்கள் அதை 'மவ்ஸலேய்' என்கிறார்கள். ஆங்கிலம் வழியாக நமக்கு வந்து சேர்ந்த வடிவம் 'மாசோலியம்'. இந்தச் சொல் எங்கே பிறந்தது என்று பார்த்துவிட்டால், தமிழில் எதை எடுப்பது என்பதும் தெளிவாகும்.

மாசோலியம் ஒரு மனிதரின் பெயர். இன்றைய துருக்கியின் தென்மேற்குக் கரையில் காரியா என்றொரு நாடு இருந்தது. பாரசீகப் பேரரசின் கீழ் அதை ஆண்டவர் மௌசோலஸ். பெயருக்கு ஆளுநர், நடப்பில் அரசர். மைலாசாவில் இருந்த தலைநகரைக் கடலோர ஹாலிகர்னாசஸுக்கு மாற்றியவர். அந்த ஊர்தான் இன்றைய போத்ரும்.

நல்ல பெயர் மட்டுமே எடுத்தவர் அல்லர் இவர். பணம் திரட்ட அவரும் அவருடைய அதிகாரிகளும் செய்த வேலைகளைப் பழைய கிரேக்க நூல் ஒன்று குறித்துவைத்திருக்கிறது. லிசிய மக்கள் நீண்ட தலைமுடி வளர்ப்பதில் ஆசை கொண்டவர்கள். மௌசோலஸின் அதிகாரி கொண்டாலஸ் அவர்களிடம் போய், பொய்முடி செய்ய அரசருக்கு உங்கள் தலைமுடி வேண்டுமாம், மழித்துக் கொடுங்கள், மனமில்லை என்றால் தலைக்கு இவ்வளவு என்று பணம் கட்டுங்கள், கிரேக்கத்திலிருந்து முடி வாங்கிக்கொள்கிறோம் என்றாராம். மக்கள் பணத்தைக் கட்டிவிட்டார்கள். இப்படி வரி வாங்கிய ஓர் அரசரின் பெயரைத்தான் உலகம் இன்று மரியாதையோடு உச்சரிக்கிறது. அதற்குக் காரணம் அவருடைய ஆட்சி அல்ல, அவர் புதைக்கப்பட்ட இடம்.

கி.மு. 353இல் அவர் இறந்தார். மனைவி இரண்டாம் ஆர்ட்டெமீசியா (உடன்பிறந்த தங்கையும் இவரே. அந்த அரச குலத்தில் அப்படி ஒரு வழக்கம்) ஆட்சிக்கு வந்து, கணவருக்காகப் பெரிய கல்லறைக் கட்டடம் ஒன்றை எழுப்பினார். கிரேக்கத்தின் பெயர்பெற்ற சிற்பிகளான ஸ்கோபஸ், பிரையாக்ஸிஸ், லியோகாரஸ், டிமோதியஸ் ஆகியோர் அந்தக் கட்டடத்தில் வேலை செய்தார்கள். சுமார் 45 மீட்டர் உயரம். உயர்ந்த பீடம், அதன்மேல் 36 தூண்கள், அதற்கும் மேலே 24 படிகள் கொண்ட கூம்பு, உச்சியில் நான்கு குதிரை பூட்டிய தேர். உலகின் ஏழு அதிசயங்களில் ஒன்றாக அதை எண்ணினார்கள். பிற்பாடு நிலநடுக்கங்கள் அதைச் சரித்தன. மிஞ்சிய கல்லையும் பெயர்த்துப் பக்கத்துக் கோட்டையில் வைத்துக் கட்டிவிட்டார்கள். கட்டடம் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. ரோமில் பேரரசர் அகஸ்டஸ் தனக்கென எழுப்பிய கல்லறைக் கட்டடத்துக்கும் மாசோலியம் என்றே பெயர் வந்தது. ஒருவரின் கல்லறையைக் குறித்த சொல் அப்படித்தான் எல்லாக் கல்லறை மாளிகைகளுக்கும் பொதுவானது.

சொல்லின் கட்டமைப்பைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். கிரேக்கத்தில் அது 'மௌசோலெய்ஒன்'. மௌசோலஸ் என்ற பெயரோடு 'எய்ஒன்' என்ற விகுதி சேர்ந்திருக்கிறது. இன்னாருக்கு உரிய இடம் என்று பொருள் தரும் விகுதி அது. மியூஸ் தேவியருக்கு உரிய இடம் மியூசியம் ஆனதும் இப்படித்தான். இதைப் படித்தபோது எனக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தவை சோழர் காலக் கோயில் பெயர்கள். ஆதித்தன் பெயரில் ஆதித்தேச்சரம், அரிஞ்சயன் பெயரில் அறிஞ்சீச்சரம், பஞ்சவன் மாதேவி பெயரில் பஞ்சவன் மாதேவீச்சரம். ஆள் பெயர், அதன்பின் ஓர் ஈறு, இரண்டும் சேர்ந்து ஓர் இடம். ஒற்றுமை சொல்லமைப்போடு நிற்கவில்லை. இந்த மூன்று ஈச்சரங்களும் இறந்தவர்களுக்காக எழுப்பிய பள்ளிப்படைகள்.

பள்ளி என்றால் இன்று நமக்குப் பள்ளிக்கூடம். சமணர், பௌத்தர் தங்கிய இடமும் பள்ளி, பள்ளிவாசலிலும் அதே பள்ளி. அதற்கெல்லாம் அடியில் உறக்கம், படுக்கை என்ற பொருள் இருக்கிறது. பள்ளியறை, திருப்பள்ளியெழுச்சி, பள்ளிகொண்ட பெருமாள் என்று அந்தப் பொருள் இன்னும் நம் வாயில் புழங்குகிறது. 'படை' இங்கே சேனை அல்ல. அதற்குப் படுக்கை, அடுக்கு என்ற பொருள்களும் உண்டு. ஆக, பள்ளிப்படை என்பது அரசர் துயிலும் இடம். இறந்தார் என்று சொல்லாமல் துஞ்சினார், அதாவது உறங்கினார், என்று சொல்வது நம் பழைய வழக்கம். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் என்று புறநானூற்றுக் குறிப்பில் வருகிறதே, அந்தத் துஞ்சுதல்தான் பல நூற்றாண்டு கழித்துச் சோழர் கல்வெட்டிலும் தொடர்கிறது. பொன்னையாற்றங்கரையில் மேல்பாடி என்றோர் ஊர் இருக்கிறது. அங்குள்ள கல்வெட்டு, ஆற்றூரில் துஞ்சிய தேவருக்குப் பள்ளிப்படையாக ராஜராஜர் எடுப்பித்தது இந்தக் கோயில் என்கிறது. துஞ்சியவர் அரிஞ்சயர், ராஜராஜரின் பாட்டனார்.

கும்பகோணம் பக்கம் போகிறவர்கள் பட்டீஸ்வரத்தோடு திரும்பிவிடாமல் கொஞ்சம் தள்ளிப்போய் ராமநாதன் கோயில் என்று கேட்டுப் பாருங்கள். பஞ்சவன் மாதேவி பள்ளிப்படை என்று கேட்டால் எல்லோருக்கும் தெரியும் என்று சொல்ல முடியாது. தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது மிகச் சிறிய கற்கோயில். ராஜராஜரின் தேவியருள் ஒருவருக்காக, அவர் வயிற்றில் பிறக்காத ராஜேந்திரர் எழுப்பியது. கருவறையில் இருப்பது சிவலிங்கம். ஓர் அம்மாவுக்காக மகன் கட்டிய இடத்தில் நிற்கிறோம் என்பது உள்ளே போனவருக்கு யாராவது சொன்னால்தான் தெரியும். அந்த அமைதியில் நின்றபோது, மாசோலியம் என்ற சொல்லுக்குத் தமிழில் இணை தேடி அலைய வேண்டியதே இல்லை என்று எனக்குத் தோன்றியது.

பொருத்தம் எங்கே என்றால், யார் கட்டினார்கள் என்பதில். அப்பன் ஆதித்தனுக்குக் காளத்திக்கு அருகே தொண்டைமானாற்றூரில் பள்ளிப்படை எழுப்பியவர் மகன் பராந்தகன். பாட்டனுக்குப் பேரன், மாற்றாந்தாய்க்கு மகன், கணவருக்கு ஆர்ட்டெமீசியா. எழுப்புகிறவர் பெரும்பாலும் அடுத்து அரியணையில் உட்கார்ந்தவர். அன்பும் இருந்திருக்கும், மறுக்கவில்லை. கூடவே, நான் இவருடைய வாரிசு என்று ஊரறியச் சொல்லும் தேவையும் இருந்திருக்கும். லெனின் விஷயத்தில் இதை இன்னும் துலக்கமாகவே பார்க்கலாம்.

லெனின் 1924 ஜனவரி 21 அன்று மாஸ்கோவுக்கு வெளியே கோர்க்கியில் இறந்தார். ஒரு வாரத்துக்குள் கட்டடக் கலைஞர் அலெக்சேய் ஷூசெவ் வரைந்த தற்காலிக மரக் கட்டடம் செஞ்சதுக்கத்தில் எழுந்துவிட்டது. அதே ஜனவரி 30 அன்று பிராவ்தா நாளிதழில் லெனினின் மனைவி குரூப்ஸ்கயாவின் கடிதம் வெளியானது. அவருக்கு நினைவுச்சின்னம் எழுப்பாதீர்கள், அவர் பெயரில் மாளிகைகள் வேண்டாம், உயிரோடு இருந்தபோது இதையெல்லாம் அவர் பெரிதாக நினைத்ததே இல்லை, அவரை மதிப்பதாக இருந்தால் குழந்தைகள் காப்பகமும் பள்ளியும் நூலகமும் கட்டுங்கள் என்று கேட்டிருந்தார். அந்தக் குரலை யாரும் பொருட்படுத்தவில்லை. அறிவியலாளர்கள் வொரொபியோவும் ஸ்பார்ஸ்கியும் உடலைப் பதப்படுத்தினார்கள். முதல் மரக் கட்டடம் போய் இரண்டாவது மரக் கட்டடம் வந்தது. 1930இல் சிவப்புக் கிரானைட்டும் கருங்கல்லும் கொண்டு இன்று நாம் பார்க்கும் படிக்கட்டு வடிவக் கட்டடத்தை முடித்தார்கள். அதன் உச்சி மேடையில் ஸ்டாலினும் பின்வந்த தலைவர்களும் நின்று அணிவகுப்புகளைப் பார்வையிட்டார்கள். 1945 ஜூன் 24 வெற்றி அணிவகுப்பில், பிடிபட்ட ஜெர்மன் படைக்கொடிகளை வீரர்கள் கொண்டுவந்து வீசியது இந்தக் கட்டடத்தின் காலடியில்தான். முன்னவரின் உடலுக்கு மேலே பின்னவர் நிற்கிறார். எந்தப் பள்ளிப்படையிலும் இவ்வளவு நேரடியாக இதைக் காண முடியாது.

உள்ளே போகிறவர்கள் வெளிச்சத்திலிருந்து மங்கலுக்குள் படியிறங்குகிறார்கள். தொப்பியைக் கழற்ற வேண்டும், கையைப் பையில் விடக் கூடாது, பேசக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, நிற்காமல் நகர வேண்டும். கண்ணாடிப் பேழைக்குள் கறுப்பு உடையில் படுத்திருக்கிறார். ஸ்ரீரங்கத்தில் பள்ளிகொண்டவரைச் சேவித்த யாருக்கும் இந்த வரிசையின் ஒழுங்கு புதிதாக இருக்காது.

1953இல் ஸ்டாலின் இறந்ததும் அவர் உடலையும் உள்ளே வைத்து, வாசலில் இரண்டு பெயர்களையும் பொறித்தார்கள். 1961 அக்டோபர் 31 இரவு அந்த உடலை வெளியே எடுத்துக் கிரெம்ளின் மதிலோரம் மண்ணில் புதைத்தார்கள். வாசலில் மறுபடியும் ஒற்றைப் பெயர். சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகு 1993இல் வாசல் காவலையும் எடுத்துவிட்டார்கள். லெனினையும் புதைத்துவிடலாமா என்ற வாதம் ரஷ்யாவில் இன்னும் ஓயவில்லை.

இறந்தவரைப் பற்றிய தீர்ப்பு மாறினால் கட்டடத்தின் கதி என்னவாகும் என்பதற்குப் பல்கேரியாவைச் சொல்லலாம். கம்யூனிஸ்ட் தலைவர் கியோர்கி டிமிட்ரோவ் 1949 ஜூலையில் இறந்தபோது, உடல் மாஸ்கோவிலிருந்து சோபியா வந்து சேர்வதற்குள் ஆறே நாளில் வெள்ளைக் கட்டடம் ஒன்றை எழுப்பினார்கள். 1990இல் உடலை எடுத்து எரித்தாயிற்று. 1999 ஆகஸ்டில் கட்டடத்தை வெடிவைத்துத் தகர்க்க முனைந்தது அரசு. முதல் வெடிக்கு அது ஒரு பக்கம் சாய்ந்ததே தவிர விழவில்லை. திரும்பத் திரும்ப வைத்துத்தான் தரைமட்டமாக்க முடிந்தது.

சரி, மற்ற மொழிக்காரர்கள் என்ன செய்கிறார்கள்? மாவோவின் உடல் இருக்கும் பெய்ஜிங் கட்டடத்தை ஆங்கிலத்தில் மாசோலியம் என்று சொல்பவர்கள் உண்டு. சீன மொழியில் அதன் பெயர் 'தலைவர் மாவோ நினைவு மண்டபம்' என்றுதான் பொருள்படும். பெயரில் கல்லறை இல்லை. தலைவர்களை எரியூட்டலாம் என்ற யோசனைக்கு 1956இல் மாவோவே கையெழுத்திட்டிருந்தார் என்பதை நினைத்தால் அந்தப் பெயரின் தயக்கம் புரிகிறது. வியட்நாமியர் ஹோ சி மின்னின் கட்டடத்தை 'லாங்' என்கிறார்கள். அரசர் கல்லறைக்குப் பழைய காலந்தொட்டு வழங்கிய சொல் அது. அவரும் எரிக்கத்தான் சொல்லியிருந்தார். துருக்கியர் அங்காராவில் அத்தாதுர்க்குக்குக் கட்டியதை 'அனித்கபிர்' என்கிறார்கள். அனித் நினைவுச்சின்னம், கபிர் கல்லறை (நம்மூர் முஸ்லிம்கள் சொல்லும் கபர்தான்). மௌசோலஸின் மண்ணே இப்படித் தன் சொல்லைக் கோத்துக்கொண்டது எனக்குப் பிடித்திருக்கிறது. நடுக் கட்டடத்தை மட்டும் 'மொசோலே' என்றும் வழங்குகிறார்கள்.

இப்போது நம் சொற்களுக்கு வருவோம். சமாதி வடசொல். மனம் ஒன்றி நிற்கும் நிலைக்குப் பெயர். யோகி அந்த நிலையிலேயே அடங்கிய இடத்துக்கும் அந்தப் பெயர் வந்தது, அப்புறம் எல்லோருக்கும் பரவியது. மெரினாவில் பெயர்ப்பலகை நினைவிடம் என்று சொன்னாலும் மக்கள் 'எம்.ஜி.ஆர். சமாதி' என்றுதான் சொல்கிறார்கள். அதில் பாசம் இருக்கிறது, நான் திருத்த மாட்டேன். டெல்லியில் எரியூட்டிய இடத்தையே சமாதி என்கிறார்கள். இலங்கையில் ஹொரகொல்லையில் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்கவின் கல்லறைக்கும் அதே பெயர். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் கொண்டுவந்தவரின் கல்லறையைச் சமாதி என்று எழுதும்போது தமிழர் பலருக்குக் கை தயங்கும். அந்தத் தயக்கம் சரியானதே என்பேன், ஏனென்றால் சொல்லுக்குள் ஞானி ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

கல்லறை நல்ல தமிழ். கல்லால் ஆன அறை என்று பார்த்தால் ஷூசெவின் கட்டடத்துக்கும் பொருந்தும். ஆனால் வழக்கில் அது ஒவ்வொரு குழிக்கும் உரியது. கல்லறை மாடம் என்று விரித்தால் சாதாரணச் செய்திக்குப் போதும். நினைவிடம், நினைவு மண்டபம் இரண்டையும் உடல் இல்லாத இடங்களுக்கு விட்டுவிடலாம்.

பள்ளிப்படைக்கு இரண்டு தடை சொல்வார்கள். அது சிவன் கோயில், நாத்திகரான லெனினுக்கு எப்படிப் பொருந்தும்? கடவுளை மறுத்த இயக்கம் ஓர் உடலைத் தரிசனத்துக்கு வைத்தது என்பதுதான் அந்தக் கட்டடத்தைப் பற்றிய நூறாண்டு விவாதமே. சொல் அந்த முரணை மறைக்காமல் ஏந்திக்கொள்கிறது. இரண்டாவது, யாருக்கும் புரியாது என்பது. திருப்புறம்பியம் பள்ளிப்படை என்ற பெயரைச் சரித்திர நாவல் படித்த எந்த வீட்டிலும் கேட்டுப் பாருங்கள், புரியும். தெரியாதவர்களுக்கு முதல் தடவை 'உடல் வைக்கப்பட்ட பள்ளிப்படை' என்று எழுதினால் போதும். அடுத்த வரியிலிருந்து 'லெனின் பள்ளிப்படை' என்றே எழுதலாம். நான் அப்படித்தான் எழுதி வருகிறேன்.