கேஷுவால்டியில் கை ஓங்கும் முன்

புதிதாக வேலைக்குச் சேரும் நர்ஸ்களை முதல் நாளே கேஷுவால்டிக்கு, அதாவது அவசர சிகிச்சைப் பிரிவுக்கு, கூட்டிப்போய் ஒரு கேள்வி கேட்பேன். "இப்ப ஒருத்தர் உன்னை அடிக்க வந்தா எந்த வழியா வெளியே போவ?" பெரும்பாலும் பதில் வராது. எமர்ஜென்சி ட்ராலியில் எந்த மருந்து எந்தத் தட்டில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் பிள்ளைகள், கதவு எங்கே என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

நானும் அப்படித்தான் இருந்தேன். எங்கள் பழைய அறையில் நர்ஸ் மேசை சுவரோர மூலையில் கிடந்தது. நோயாளியோடு வரும் அட்டெண்டர்கள் மேசையைச் சூழ்ந்தால் அவர்களைத் தாண்டித்தான் கதவு. ஒருநாள் இரவு ஒன்றரை மணிக்கு, நெஞ்சுவலியோடு வந்த பெரியவர் இறந்துவிட்டார் என்று சொன்னதும் அவருடைய மகன் பிபி கருவியைத் தூக்கி வீசினார். மூலையில் மாட்டிக்கொண்ட ஸ்டாஃப் நர்ஸுக்குப் புருவத்துக்கு மேலே நான்கு தையல். மறுநாளே மேசையைக் கதவுப் பக்கம் நகர்த்தினோம். ஒரு பைசா செலவில்லை. அந்தப் பெண்ணுக்கு ரத்தம் வரும்வரை எங்களில் யாருக்கும் அது தோன்றவில்லை என்பது இன்றும் மனதை அறுக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 2008லேயே வந்துவிட்டது. மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் ஜாமீனில் விட முடியாத குற்றம், 3 முதல் 10 ஆண்டு வரை சிறை. டாக்டருக்கு மட்டுமல்ல, நர்ஸுக்கும் அது பொருந்தும். அந்தச் சட்டம் இருக்கும்போதுதான், 2024 நவம்பர் 13 அன்று கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவரை நோயாளியின் மகன் கத்தியால் குத்தினார். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் கேரளத்தின் கொட்டாரக்கரையில் நடந்தது இன்னும் கொடுமை. போலீஸ் கூட்டிவந்த ஒருவர், காயத்துக்கு மருந்து போடும் இடத்திலிருந்த கத்தரிக்கோலாலேயே ஒரு இளம் மருத்துவரைக் குத்திக் கொன்றார். அந்தச் செய்தியைப் படித்த அன்றே எங்கள் டிரெஸ்ஸிங் ட்ரேயை நோயாளியின் கைக்கு எட்டாத பக்கம் மாற்றச் சொன்னேன்.

ஆனால் கத்தியோடு யாராவது வருவது அபூர்வம். அன்றாடம் நாங்கள் பார்ப்பது வேறு: அரைமணி நேரமாக எந்தச் செய்தியும் கிடைக்காமல் வெளியே நிற்கும் ஒரு மகன், ஒரு கணவன். அவர் மூன்றாம் முறை வந்து கேட்கும்போது குரல் ஏறியிருக்கும். அப்போது "கத்தாதீங்க, அமைதியா இருங்க" என்பதுதான் நம் வாயில் முதலில் வரும். அது எண்ணெய் ஊற்றுகிற வேலை. அதற்குப் பதிலாக, "அண்ணே, அப்பாவுக்கு ஆக்சிஜன் வெச்சிருக்கோம், டாக்டர் பக்கத்துலயே நிக்கிறாரு. பத்து நிமிஷத்துல நானே வந்து சொல்றேன்" என்று சொல்லிப் பழக்குகிறோம். பத்தாவது நிமிடம் சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும் போய்ச் சொல்ல வேண்டும். அதில்தான் பலர் தவறுகிறார்கள்.

இதையெல்லாம் வகுப்பில் படம் போட்டுக் காட்டினால் நிற்காது. மாதம் ஒருமுறை ஒத்திகை நடத்துகிறோம். எங்கள் வார்டு ஆயா அக்காதான் கோபக்கார அட்டெண்டர். பல வருடம் பார்த்ததை அப்படியே நடித்துக் காட்டுவார். புதுப் பிள்ளைகள் சிலருக்கு அழுகையே வந்துவிடும். ஒருவர் மட்டும் பேச வேண்டும், இரண்டு கை தூரம் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் நின்று. கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்கக் கூடாது, பிடித்து இழுக்கத் தோது. இன்னொருவர் மற்ற நோயாளிகளைப் பார்க்க, மூன்றாமவர் மேசைக்கடியில் உள்ள பெல்லை அழுத்த வேண்டும். முதல் ஒத்திகையில் அந்தப் பெல்லை அழுத்தினோம், யாருமே வரவில்லை. செக்யூரிட்டி அறைப் பக்கம் வயரே இணைக்கவில்லை!

அடி விழுந்த பிறகு நடப்பதையும் சொல்ல வேண்டும். தையல் போட்ட அந்தப் பெண்ணிடம், "நீயே ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் கொடும்மா" என்றுதான் அன்று சொன்னார்கள். அவள் போகவில்லை. தனியாக எப்படிப் போவாள்? 2024 ஆகஸ்டில் மத்திய சுகாதாரத் துறை தன் மருத்துவமனைகளுக்கு ஓர் உத்தரவு போட்டது: தாக்குதல் நடந்த 6 மணி நேரத்துக்குள், நிறுவனத்தின் பெயரில் எஃப்.ஐ.ஆர். பதிவாவதற்கு அதன் தலைவரே பொறுப்பு. தனியார், அரசு என்று பார்க்காமல் எல்லா இடத்திலும் இதுவே வழக்கமாக வேண்டும். காயத்தை அன்றே ஏ.ஆர். என்கிற விபத்து, காயப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள். திட்டு, மிரட்டல், சட்டையைப் பிடித்தது எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். "நம்ம வேலையில இதெல்லாம் சகஜம்" என்று மூத்தவர்கள் சொல்லும்போதுதான் இளையவர்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

அடுத்த ஒத்திகையை இரவு டியூட்டியில் வைக்கப்போகிறேன். பகலில் ஒன்பது பேர் இருக்கிறோம். இரவில் மூன்று நர்ஸ், ஒரு டியூட்டி டாக்டர், வாசலில் ஒரே ஒரு செக்யூரிட்டி. அவருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. இன்னும் இரண்டு பேரைக் கேட்டு நிர்வாகத்துக்கு மூன்றாவது கடிதம் கொடுத்திருக்கிறேன்.