எதேச்சை வேறு, தற்செயல் வேறு

'ஆக்சிடென்டல்' என்று ஆங்கிலத்தில் வந்தால் உடனே 'எதேச்சையாக' என்று எழுதிவிடுகிறார்கள். "பெனிசிலின் எதேச்சையாகக் கண்டுபிடிக்கப்பட்டது" என்பது ஓர் எடுத்துக்காட்டு. 1928இல் அறிவியலாளர் பிளெமிங் நுண்ணுயிர் வளர்த்த தட்டில், அந்த மருந்தைத் தரும் பூஞ்சை தானாக வந்து படிந்தது. அவர் விரும்பி வளர்த்ததன்று. எதேச்சையோ யதா, இச்சை என்னும் இரு வடசொற்கள் புணர்ந்து வந்தது. 'விருப்பப்படி' என்பதே அதன் பொருள். எதேச்சாதிகாரத்தில் இருப்பதும் அதே எதேச்சைதான். தன் விருப்பப்படி ஆள்வதற்கும், விருப்பமே இல்லாமல் நேர்வதற்கும் ஒரே சொல்லா?

வடமொழியில் தற்செயலைக் குறிப்பது யத்ருச்சா. வைணவ உரைகளில் யாதிருச்சிகம் என்று அது சரியாகவே ஆளப்பட்டது. ஒலி நெருக்கத்தால் இரண்டும் குழம்பிவிட்டன. வழக்கில் வந்துவிட்டதே என்பார்கள். எல்லோருக்கும் விளங்கும் 'தற்செயல்' கையில் இருக்கும்போது, நேர் எதிர்ப்பொருள் தரும் சொல்லைக் காப்பாற்ற வேண்டிய தேவை என்ன? தன் செயல் என்று பிரித்தால் 'ஒருவர் தாமே செய்தது' என்று ஆகாதா என்றும் கேட்பார்கள். ஆகாது. அங்கே 'தன்' நிகழ்ச்சியைச் சுட்டுகிறது: தானாக நடந்தது.

'ஆக்சிடென்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லின் லத்தீன் வேருக்கு 'மேல் வந்து விழுதல்' என்று பொருள். அதற்கு எதிரான, நோக்கத்தைக் குறிக்கும் 'இன்டென்ஷன்' என்பதன் வேர் 'ஒன்றை நோக்கி நீட்டுதல்'; வில்லை நாணேற்றி வளைப்பதற்கும் லத்தீனில் அதே வினைதான். ஆக, வேறுபாடு குறி இருந்ததா இல்லையா என்பதில் இருக்கிறது.

குறி இருந்தும் பிழைப்பது உண்டு. மெய்யியலாளர் ஜே. எல். ஆஸ்டின் 1956இல் இதற்குக் கழுதைகளை வைத்து விளக்கம் தந்தார். என் கழுதை என்று எண்ணிச் சுட்டேன், விழுந்தது உன் கழுதை: இது 'பை மிஸ்டேக்'. என் கழுதையைக் குறிவைத்துச் சுடும் நொடியில் அது நகர்ந்து, உன் கழுதை விழுந்தது: இது 'பை ஆக்சிடென்ட்'. மொழிபெயர்ப்பாளர்கள் இரண்டையும் 'தவறுதலாக' என்ற ஒரே சொல்லில் அடைக்கிறார்கள். முன்னதற்குத் 'தவறாக எண்ணி' அல்லது 'ஆள்மாறி' பொருந்தும். பின்னதற்குக் 'குறிதவறி'. தமிழ் இன்னும் நுட்பமாகப் போய், எது தவறியது என்றே சொல்லும்: கைதவறிக் கோப்பினை அழித்தான், வாய்தவறிச் சொன்னான், கால்தவறி விழுந்தான். இவ்வளவு இருந்தும் "விபத்தாக அழிந்துவிட்டது" என்று எழுதுவது கொடுமை. விபத்து என்றால் கேடு. பெனிசிலினையும் 'விபத்தாக' வந்தது என்பார்கள்; ஒரு நல்ல கண்டுபிடிப்பு எப்படி விபத்தாகும்?

'இன்டென்ஷனல்' படும் பாடும் குறைந்ததல்ல. 'உள்நோக்கத்துடன்' என்றால் ஏதோ சூது இருப்பதாகிறது. 'வேண்டுமென்றே' என்பதில் குற்றச்சாட்டு ஒட்டியிருக்கிறது. "வேண்டுமென்றே உதவினார்" என்று யாரும் சொல்வதில்லை. பழி சுமத்தும் இடத்தில் மட்டும் அது நிற்கட்டும். மற்ற இடங்களில் தெரிந்தே, எண்ணியே, திட்டமிட்டு என்பவை போதும். ஆவணங்களில் எழுத்தில்லாத பக்கத்துக்கு "வேண்டுமென்றே வெறுமையாக விடப்பட்டது" என்று குறிப்புப் போடுகிறார்கள், யாரையோ வஞ்சம் தீர்த்ததுபோல. "இப்பக்கத்தில் எதுவும் அச்சிடப்படவில்லை" என்றால் வேலை முடிந்தது.