டிரம்முக்குள் ஒரு முறைப்பாசனம்

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "தண்ணீர் டிரம்மில் பிளீச்சிங் பவுடர் போட்டு அலசி ஊற்றுகிறேன், மூடியும் வைக்கிறேன். நாலே நாளில் உள்பக்கம் மறுபடி வழவழவென்று ஆகிவிடுகிறது. வெயிலே படாத இடத்தில் பாசி எப்படி வரும்?"

அது பாசி இல்லை, பாக்டீரியா. தண்ணீரில் மிதப்பவை சுவரில் ஒட்டிப் பெருகி, சர்க்கரைச் சங்கிலிகளும் புரதமும் கலந்த பசையைச் சுரந்து அதற்குள்ளேயே குடியிருக்கின்றன. இதன் பெயர் பயோஃபிலிம். காலையில் பல்லில் நாக்குக்குத் தட்டுப்படும் படலமும் இந்த வகைதான்.

சரி, இத்தனை கோடிப் பேர் நெருக்கியடித்து வாழும் இடத்தில் நடுவில் இருப்பவர்களுக்குச் சாப்பாடு எப்படிப் போகிறது? வீராணம் ஆயக்கட்டில் பிறந்த எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. தலைமடைக்காரர் மடையைத் திறந்தே வைத்திருந்தால் கடைமடை வயல் காயும். அதற்குத்தான் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறோம்.

மண்ணில் வாழும் பேசில்லஸ் சப்டிலிஸ் பாக்டீரியாவும் முறை வைக்கிறது! கலிஃபோர்னியாவில் குரோல் சுவெல் குழுவினர் 2015இல் இதைக் கண்டார்கள். படலத்தின் ஓரத்தில் இருப்பவை குளுட்டமேட் என்ற உணவை முதலில் உறிஞ்சிவிடும். நடுவில் பட்டினி. பசித்த செல் தன் பொட்டாசியத்தை வெளியே விடுகிறது. அது பக்கத்துச் செல்லின் மின்னழுத்தத்தைக் குலைக்க, அந்தச் செல்லால் உணவை இழுக்க முடிவதில்லை. அதுவும் பொட்டாசியத்தை விடுகிறது. இப்படியே செல் விட்டுச் செல் தாவி, அந்த மின் அலை ஓரம்வரை போய்ச் சேரும். ஓரத்தின் வளர்ச்சி சற்று நிற்கும், உணவு நடுவுக்குப் பாயும். பிறகு ஓரம் மறுபடி வளரும். நம் நரம்புச் செல்களும் பொட்டாசியம் வாயில்களை வைத்துத்தான் சேதி கடத்துகின்றன. மூளையே இல்லாத உயிரில் அதே வேலையைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

2017இல் இன்னொன்றும் தெரிந்தது. அருகருகே இரண்டு படலங்கள் இருந்து உணவு குறைந்தால், ஒன்று உண்ணும்போது மற்றொன்று ஓய்கிறது. "இதனால் என்ன லாபம்?" என்று முதலிலேயே கேட்டுப் பணம் ஒதுக்கினால் இப்படிப்பட்ட ஆய்வே நடக்காது. நம் கல்லூரிகளில் அந்தக் கேள்வி சீக்கிரமே வந்துவிடுகிறது என்பது என் வருத்தம்.

வாசகிக்கு வருகிறேன். பவுடரிலுள்ள குளோரின் மேல்பசையோடு வினைபுரிந்தே பெரும்பாலும் தீர்ந்துபோகிறது. சுவெல் குழுவின் 2015 ஆய்வில், ஓரத்துச் செல்களை ரசாயனம் கொன்றதும் அவை உண்டுவந்த உணவு உள்ளே போய், நடுவில் காத்திருந்தவை வளரத் தொடங்கின. அதனால் முதலில் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்த்துப் படலத்தைப் பெயர்த்துக் கொட்டுங்கள். அப்புறம் பவுடர் போடுங்கள்.