வளைந்தே இருக்க வேண்டிய கிளட்ச் கேபிள்

பழைய ஃபோக்ஸ்வேகன் பீட்டிலில் கிளட்ச் பெடல் முன்னால், எஞ்சின் பின்னால். இரண்டையும் இணைப்பது சுமார் இரண்டேகால் மீட்டர் நீளமுள்ள ஒரு எஃகு கேபிள் மட்டும்தான். 2003 ஜூலையில் மெக்சிகோவின் புவேப்லா ஆலையிலிருந்து கடைசி வண்டி வெளிவரும் வரை இந்த அடிப்படை மாறவில்லை.

கேபிள் அறுந்தால் புதிதாக ஒன்று வாங்கி மாட்டிவிடலாம். ஆனால் மாட்டிய பிறகு சில வண்டிகளில் புதுத் தொல்லை ஒன்று முளைக்கும். முதல் கியரில் கிளம்பும்போது வண்டி முழுக்க உதறும். கிளட்ச் பிளேட் போய்விட்டது என்று எஞ்சினை இறக்கக் கிளம்புவதற்கு முன், கியர்பாக்ஸ் பக்கத்தில் கொஞ்சம் தொய்ந்து கிடக்கும் சின்ன வளைகுழாயைப் பார்ப்பது நல்லது. செலவில்லாத வேலை.

கேபிள் போகும் பாதையைப் பார்ப்போம். பெடலில் கொக்கியில் மாட்டியிருக்கும் கேபிள், காரின் தரை நடுவே நீளவாக்கில் ஓடும் டனலுக்குள் (குகை போன்ற உலோகக் கூடு) பற்றவைத்த ஒரு நேர்க்குழாய்க்குள் நுழைந்து பின்னால் போகிறது. டனல் முடிந்ததும் அந்த வளைகுழாய்க்குள் புகுந்து வெளியே வந்து, கியர்பாக்ஸின் இடப்பக்கம் இருக்கும் கிளட்ச் லீவரில் மாட்டிக்கொள்கிறது. வளைகுழாயின் முன்முனை காரின் சட்டத்தோடு, பின்முனை கியர்பாக்ஸில் உள்ள பிராக்கெட்டோடு. அயர்லாந்தில் பிறந்த எர்னஸ்ட் மோனிங்டன் பவுடன் 1896-இல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. சைக்கிள் பிரேக் ஒயரிலும் இதேதான். உள்ளே கம்பி இழுக்கிறது, வெளியே உறை (இங்கே வளைகுழாய்) அதே விசையோடு எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. உறை இல்லாவிட்டால் கம்பி இழுக்கிற இழுப்பு லீவரோடு நிற்காது, கியர்பாக்ஸையே முன்னால் இழுக்கும்.

பீட்டிலில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே கட்டாகப் போல்ட் செய்யப்பட்டு ரப்பர் மவுண்டுகளில் உட்கார்ந்திருக்கின்றன. சக்கரத்துக்கு விசை போகும்போதெல்லாம் அந்தக் கட்டு சில மில்லிமீட்டர் ஆடும். வளைகுழாய் தொய்ந்திருந்தால் இந்த ஆட்டத்தில் வளைவு கொஞ்சம் கூடும், குறையும். உறைக்குள் இருக்கும் கேபிளின் நீளம் மாறாது. லீவருக்கு எதுவும் தெரியாது. குழாய் விறைத்து நேராக நின்றால் கதை வேறு. கட்டு பின்னால் நகர்ந்தால் விட்டுக்கொடுக்க வளைவு இல்லை, கேபிள்தான் இழுபடுகிறது. நாம் பெடலைத் தொடாமலே கிளட்ச் அரைகுறையாக விலகுகிறது. விசை குறைந்ததும் கட்டு பழைய இடத்துக்கு வருகிறது, கிளட்ச் மறுபடி பிடிக்கிறது, மறுபடி ஆடுகிறது. இதுதான் அந்த உதறல்.

அதனால் ஃபோக்ஸ்வேகன் வளைவுக்கே அளவு கொடுத்திருக்கிறது: இரு முனைகளையும் இணைக்கும் நேர்கோட்டிலிருந்து 25 முதல் 45 மில்லிமீட்டர் தொய்வு. குறைவாக இருந்தால் பிராக்கெட்டுக்கும் குழாயின் பின்முனைக்கும் நடுவே வாஷர் சேர்க்க வேண்டும். அதிகமானால் எடுக்க வேண்டும். அப்படியானால் நிறையவே வளைத்துவிடலாமே என்றால், அதுவும் ஆகாது. வளைவில் உராய்வு கூடுகிற விதம் பொல்லாதது. துறைமுகக் கம்பத்தில் கப்பல் கயிற்றைச் சுற்றிக் கட்டும்போது வேலை செய்யும் அதே கணக்குதான்: திரும்பும் கோணம் கூடக்கூட விசை அடுக்கேற்றத்தில் ஏறும். 90 டிகிரி திரும்பும் ஒரு கேபிளை எடுத்துக்கொள்வோம். உராய்வு எவ்வளவு என்று காட்டும் எண்ணான உராய்வுக் கெழு 0.15 என்றால் லீவரில் கிடைக்கும் விசையைவிட 27 சதவீதம் அதிகமாகப் பெடல் பக்கம் இழுக்க வேண்டும். க்ரீஸ் காய்ந்து கெழு 0.3 ஆனால் அது 60 சதவீதம். கால் வலிப்பது ஒருபுறம், கேபிளின் இழைகளும் வளைவிலேயே தேய்ந்து ஒவ்வொன்றாக அறும். புது கேபிளை உள்ளே விடுமுன் நீளம் முழுக்க க்ரீஸ் பூசச் சொல்வது சும்மா இல்லை.

மாட்டும் வேலையில் பொறுமையைச் சோதிப்பது முன்பக்கம்தான். பெடல் தொகுதியைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுக் குழாயின் வாயைத் தடவிக் கண்டுபிடித்து கேபிளை நுழைக்க வேண்டும். அப்புறம் அதன் வளையத்தைப் பெடலின் கொக்கியில் மாட்ட வேண்டும். கேபிள் துளி தளர்ந்தாலும் வளையம் கழன்று டனலுக்குள் விழுந்துவிடும். பெடலைத் திரும்பப் பொருத்தி முடிக்கும்வரை பின்னால் ஒருவர் கேபிளை இழுத்துப் பிடித்திருப்பதே நல்ல வழி. பின்பக்கம் வண்டியைத் தூக்கினால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள்.

லீவரில் கேபிளைப் பிடிப்பது ஒரு விங் நட், அதாவது கையால் திருக இரு சிறகுகள் உள்ள நட். அதன் இரு மேடுகளும் லீவரின் பள்ளத்தில் உட்கார்ந்தால்தான் அது தானாகச் சுழலாது. ஆகவே அரைச்சுற்று அரைச்சுற்றாகத்தான் திருக முடியும். திருகும்போது மரைக்குப் பின்னால் கேபிளின் முனையைப் பிளேயரால் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கேபிள் முறுக்கிக்கொள்ளும்.

எவ்வளவு திருகுவது? பெடலைக் கையால் அழுத்தினால் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை லேசாக இறங்கி, அதற்குமேல் கனக்க வேண்டும். இதுதான் பிளே. கிளட்சை விலக்க அழுத்தும் ரிலீஸ் பேரிங் முனையில் இது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் இடைவெளிதான். அந்த இடைவெளி இல்லாவிட்டால் பேரிங் எந்நேரமும் பிரஷர் பிளேட்டை (கிளட்ச் பிளேட்டை இறுக்கிப் பிடிக்கும் தகடு) உரசிக்கொண்டே சுழலும், கிளட்சும் வழுக்கும். வாஷரை மாற்றினால் கேபிள் கடக்கும் தூரமும் மாறுகிறது; எனவே முதலில் தொய்வு, பிறகு பிளே.

ஓட ஓட பிளே எந்தப் பக்கம் மாறும் என்பதில் பலரும் தடுமாறுவார்கள். கேபிள் நீண்டால் பிளே கூடும், சரி. ஆனால் கிளட்ச் பிளேட் தேய்ந்தால் பிளே குறையும். பிளேட் மெலியும்போது பிரஷர் பிளேட், எஞ்சினோடு சுழலும் கனச் சக்கரமான ஃப்ளைவீலை நோக்கி நகர்கிறது. அதை அழுத்தும், விரல்கள் போன்ற உலோக நெம்புகள் நடுவில் ஊன்றியிருப்பதால், அவற்றின் உள்முனைகள் எதிர்ப்பக்கம், அதாவது பேரிங்கை நோக்கி, வருகின்றன. பெடல் தளர்ந்தால்தான் கோளாறு என்று நினைப்பவர்கள், பிளே இறுகிக்கொண்டே வருவதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

எல்லாம் முடிந்ததும் சோதிக்க ரிவர்ஸ் கியரே போதும். பீட்டிலின் ரிவர்ஸுக்கு சின்க்ரோமெஷ் (கியர்களின் வேகத்தைச் சமப்படுத்தி மோதாமல் சேர்க்கும் அமைப்பு) கிடையாது. கிளட்ச் முழுதாக விலகாவிட்டால் உடனே சத்தம் போடும். எஞ்சின் ஐட்லிங்கில் ஓடட்டும். பெடலை முழுக்க மிதித்து, இரண்டு மூன்று விநாடி பொறுத்து ரிவர்ஸ் போடுங்கள். கரகரப்பு இல்லாமல் விழுந்தால் சரி. கரகரத்தால் பிளேயை முதலில் அளந்து பாருங்கள். அதிகமாக இருந்தால் விங் நட்டை அரைச்சுற்று இறுக்கி, மறுபடி அளந்துவிட்டுப் போட்டுப் பாருங்கள்.