கோபச் சொல் மோகச் சொல்லான கதை

ஆங்கிலத்தில் ஒருவர் ‘இன் எ ரேஜ்’ என்றால் அவர் கோபத்தில் கொதித்துக்கொண்டிருக்கிறார். ஒரு சட்டையோ செருப்போ ‘ஆல் தி ரேஜ்’ என்றால் ஊரே அதற்கு அலைகிறது. சினத்தைக் குறிக்கும் சொல் மோகத்தையும் எப்படிக் குறிக்கிறது என்பதற்கான விடை நாய்க்கடியில் கிடைக்கிறது.

லத்தீனில் ‘ரேபிஸ்’ என்றால் பித்து, வெறி. அது பழைய பிரெஞ்சு வழியாகத் தேய்ந்து, 1300ஆம் ஆண்டையொட்டி ‘ரேஜ்’ என ஆங்கிலத்துக்குள் வந்தது. பிரெஞ்சு மொழியில் வெறிநாய்க்கடி நோய்க்கு இன்றும் அதுதான் பெயர். ஆக, சொல்லின் அடியில் இருப்பது கோபமன்று, தன்னிலை இழத்தல். 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது நாகரிக மோகத்துக்கும் பெயரானது. வெறிநாய், கொலைவெறி, கிரிக்கெட் வெறி ஆகிய மூன்றையும் ஒரே சொல்லால் சொல்லிப் பழகிய நமக்கு இதில் வியப்பதற்கு அதிகமில்லை.

எல்லாக் கோபச் சொற்களும் இந்தப் பாதையில் போகவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. கோபத்துக்கான பொதுச் சொல்லான ‘ஆங்கர்’, ஸ்காண்டிநேவியாவின் பழைய மொழியான பழைய நார்ஸில் துயரத்தைக் குறித்தது. அதன் வேர்ப்பொருள் இறுக்கம் என்பதால், பதற்றத்தைக் குறிக்கும் ‘ஆங்சைட்டி’ அதற்கு உறவுச் சொல். கடுங்கோபத்தைச் சொல்லும் ‘ராத்’ முறுக்கிக்கொள்வதிலிருந்து பிறந்தது. ‘இண்டிக்னேஷன்’ தகாத செயலைக் கண்டு எழும் அறச்சீற்றம். வலியிலும் நியாயத்திலும் வேர்கொண்ட இவை மோகத்தின் பக்கம் சாயவே இல்லை. சாய்ந்தவை பித்திலிருந்து பிறந்தவை மட்டுமே. தமிழிலும் சினிமாப் பித்து உண்டு, சினிமாச் சினம் கிடையாது.

மோகத்துக்கு ஆங்கிலத்தில் உள்ள இன்னொரு பெயரான ‘க்ரேஸ்’ என்ற சொல்லுக்குக் கோபத்தோடு தொடர்பில்லை. ஆனால் அதுவும் பித்தின் வழியாகவே வந்தது. அதன் முதற்பொருள் நொறுக்குதல், விரிசல் விடுதல். பழைய பீங்கான் கோப்பையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், மேற்பூச்சில் சிலந்திவலை போல மெல்லிய கீறல்கள் ஓடுவதைக் காணலாம். சூளையிலிருந்து எடுத்து ஆறவிடும்போது உள்ளிருக்கும் மண்ணைவிடப் பூச்சு அதிகமாகச் சுருங்க முயல்வதால் அது வெடிக்கிறது. குயவர்கள் இதை இன்றும் ‘க்ரேஸிங்’ என்கிறார்கள். கோப்பையின் விரிசல் மூளைக்கு உவமையாகி ‘க்ரேஸி’ ஆனது. 19ஆம் நூற்றாண்டில் கூட்டத்தைப் பிடித்தாட்டும் மோகமும் ‘க்ரேஸ்’ எனப்பட்டது. 1958இல் அமெரிக்காவைச் சுழற்றிய ஹூலா ஹூப் வளையம் அதற்கு நல்ல சான்று.

வந்த வேகத்தில் மறையும் மோகத்தைச் சொல்லும் ‘ஃபேட்’ என்பதில் ஏளனம் கலந்திருக்கிறது. 1975இல் கூழாங்கல்லை அட்டைப் பெட்டியில் வைத்து ‘பெட் ராக்’, அதாவது வளர்ப்புக் கல், என்று விற்றார்களே, அதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் இல்லை. நடப்பு நாகரிகத்தைக் குறிக்கும் ‘வோக்’ படகு வலித்தலிலிருந்து வந்தது. அதில் மதிப்பு உண்டு. ‘ட்ரெண்ட்’ ஆறோ கடற்கரையோ வளைந்து செல்லும் திசையைக் குறித்த சொல். ஒரே நாளில் அடங்கிவிடும் சலசலப்பை ‘ட்ரெண்டிங்’ என்பது என் காதுக்கு இன்னும் உறுத்தலாகவே இருக்கிறது.

இவற்றுள் விசித்திரமானது ‘ஃபியூரோர்’. கடுஞ்சினத்தையும் பித்தையும் குறித்த லத்தீன் சொல்லிலிருந்து இத்தாலிய மொழி வழியாக 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது, அது மக்களின் ஆரவாரமான வரவேற்பைக் குறித்தது. இன்றைய ஆங்கிலச் செய்தித்தாள்களிலோ அது பெரும்பாலும் பொதுமக்களின் கொந்தளிப்புக்குப் பெயர். மோகத்தின் பக்கம் போன சொல் கோபத்துக்கே திரும்பிவிட்டது.