ராகி தின்னும் கோழி ஏன் தோல் முட்டை இடுகிறது?

கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழி விடியலில் கோழிகள் இறகைச் சிலுப்பிக்கொண்டு பந்துபோல உட்கார்ந்திருக்கும். கோழியின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி. வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும் அந்தச் சூட்டைக் காக்க வேண்டும், அதனால் இரை கூடுதலாகக் கேட்கும். ராகி அறுப்பும் அப்போதுதான் முடிந்திருக்கும். களத்தில் சிந்திய மணியிலேயே வயிறு நிறைந்துவிடும். சூட்டுக்கு அது போதும், முட்டைக்குப் போதாது. கெட்டி ஓடு இல்லாமல் வெறும் தோல் மூடிய முட்டை, அதாவது தோல் முட்டை, வருவது அதனால்தான்.

"ராகியில் இல்லாத சுண்ணாம்புச் சத்தா?" என்று கேட்பவர்கள் உண்டு. சரி, கணக்குப் போடுவோம். 100 கிராம் ராகியில் கால்சியம் சுமார் 340 மில்லிகிராம். அரிசி, கோதுமையைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் 45 கிராம் எடையுள்ள நாட்டுக்கோழி முட்டையின் ஓட்டில் மட்டும் ஒன்றரை கிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அதற்குக் கோழி கிட்டத்தட்ட அரைக் கிலோ ராகி தின்ன வேண்டும். அது நாள் முழுக்கத் தின்பதோ நூறு கிராம் அளவுதான்.

ஓடு உருவாகச் சுமார் 20 மணி நேரம் ஆகும், அதில் பெரும்பகுதி இரவு. கோழி அடைந்த பிறகு தீனிப்பை மெல்லக் காலியாகும். குடலிலிருந்து வரும் கால்சியம் குறைந்ததும், கால் எலும்புகளுக்குள் இதற்கென்றே சேர்த்து வைத்த இருப்பை உடல் கரைத்து எடுக்கும். மறுநாள் அந்த இருப்பு நிரம்பாவிட்டால் ஓடு மெலியும், பிறகு தோல் முட்டை வரும், கோழியும் எலும்பு தேய்ந்து நலியும்.

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல வழி, உடைத்த கிளிஞ்சலை ஒரு கொட்டாங்குச்சியில் தனியாக வைப்பது. முட்டையிடும் கோழி தனக்கு வேண்டியதைத் தானே கொத்தும், அதுவும் பெரும்பாலும் சாயங்காலத்தில். மாவாக அரைக்காதீர்கள். மாவு சீக்கிரம் வெளியேறிவிடும். பருக்கைத் துண்டுகள் அரைவைப்பையில் தங்கி, இரவெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

அடுத்தது புரதம். முட்டையிடும் கோழித் தீவனத்தில் 16 சதவீதமாவது வேண்டும், ராகியில் 7 சதவீதம்தான். தர்மபுரி, கிருஷ்ணகிரியில் பட்டு வளர்ப்பு உண்டு. நூல் எடுத்தபின் மிஞ்சும் கூட்டுப்புழுவைக் காயவைத்துக் கொஞ்சமாகக் கலக்கலாம். கொழுப்பு மிகுந்தது என்பதால் சிக்கு வாடை வருமுன் தீர்த்துவிட வேண்டும். பழைய பானையில் சாணமும் கிழிந்த கோணியும் அடைத்து, தண்ணீர் தெளித்துக் கவிழ்த்து வைத்தால் கரையான் ஏறும். குஞ்சுகளுக்கு அதைவிட நல்ல தீனி குறைவு.

கடலைப் புண்ணாக்கும் நல்லதுதான், சுமார் 45 சதவீதம் புரதம். ஆனால் பனியிலும் தூறலிலும் நமுத்துப் பூஞ்சணம் பிடித்தால் அதில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு உண்டாகும், அது ஈரலைக் கெடுக்கும். வேகவைத்தாலும் போகாது. அப்படிப்பட்ட புண்ணாக்கைக் கோழிக்கும் மாட்டுக்கும் வைக்காமல் குழியில் புதைத்துவிடுங்கள்.