ஒருவரால் அவிழாத புதிர்

சென்னை ராயபுரத்தில், துறைமுகச் சரக்குகளைச் சுங்கத்திலிருந்து விடுவித்துத் தரும் ஒரு கிளியரிங் அலுவலகம். மாடியில் டாக்குமென்டேஷன் பிரிவு. இறக்குமதிக்கான பில் ஆஃப் என்ட்ரி, ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில் என்று நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால்தான் வேலை. கீழே கணக்குப் பிரிவு. யார்டு சூப்பர்வைசர்களும் டிரெய்லர் டிரைவர்களும் மணலி, எண்ணூர்ப் பக்கம் கன்டெய்னர் யார்டுகளில் இருப்பார்கள். மொத்தம் நாற்பது பேர் ஒரே இடத்தில் சம்பளம் வாங்குகிறார்கள். ஆனால் மாடியில் இருக்கும் பெண்ணுக்கு டிரைவர் என்பவர் போனில் கேட்கும் குரல் மட்டும்தான். இவர்களை ஒருவருக்கொருவர் அறிமுகமாக்க ஒரு புதிர் வேட்டை அமைத்துத் தர முடியுமா என்று என்னிடம் கேட்டார்கள்.

இந்த விலகலுக்கு யாருடைய குணத்தையும் குறை சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பேராசிரியர் தாமஸ் ஆலன் 1970-களில் பொறியாளர்களைக் கவனித்து, இருக்கைகளுக்கு இடையே தூரம் கூடக் கூடப் பேச்சு வேகமாகக் குறைவதைக் கண்டார். சுமார் 50 மீட்டர் தாண்டினாலே வாரம் ஒருமுறை பேசுவதுகூட அபூர்வமாகிவிடுகிறது. ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடையில் எத்தனை 50 மீட்டர் இருக்கிறது!

புதிர் வேட்டையின் அமைப்பு எளிமையானது. பல சிறு புதிர்கள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு சொல்லையோ எண்ணையோ தரும். அவை எல்லாவற்றையும் சேர்த்தால் கடைசிப் புதிர் திறக்கும். அதை மெட்டா என்பார்கள். எம்.ஐ.டி.யிலேயே 1981 முதல் நடந்துவரும் மிஸ்டரி ஹன்ட் இந்த வகைக்கு முன்னோடி.

முதல் முறை நான் செய்தது தவறிப்போனது. கஷ்டமான, அழகான புதிர்களாகப் பார்த்து எழுதி, குழுவுக்கு ஒரு தாள் கொடுத்தேன். ஒவ்வொரு குழுவிலும் கெட்டிக்காரர் ஒருவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். மற்றவர்கள் டீ குடித்தார்கள். ஒன்றரை மணி நேரத்தில் எல்லாப் புதிரும் அவிழ்ந்தது, ஆனால் புதிதாக யாரும் யாரோடும் பேசவில்லை.

ஏன் என்று தேடியபோது எனக்கு உதவியது 1985-இல் வெளிவந்த ஓர் ஆய்வு. கேரல்டு ஸ்டேசர், வில்லியம் டைட்டஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள், மாணவர் தலைவர் பதவிக்கு மூன்று வேட்பாளர்களில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்படி மாணவர் குழுக்களிடம் சொன்னார்கள். சிறந்த வேட்பாளரைப் பற்றிய நல்ல தகவல்களைத் துண்டு துண்டாக ஆளுக்குக் கொஞ்சம் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். எல்லாவற்றையும் மேசையில் கொட்டிப் பேசியிருந்தால் சரியான ஆள் தெரிந்திருப்பார். பெரும்பாலான குழுக்கள் அப்படிப் பேசவில்லை. எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பேசின. தனக்கு மட்டும் தெரிந்த விஷயம் அவரவர் வாய்க்குள்ளேயே தங்கிவிட்டது.

அப்படியானால் அந்த விஷயத்தை வெளியே கொண்டுவருவது எப்படி? அதற்கும் ஒரு வழி ஏற்கெனவே சோதிக்கப்பட்டிருக்கிறது. 1971-இல் டெக்சாஸின் ஆஸ்டின் நகரப் பள்ளிகளில் வெள்ளை, கறுப்பு, லத்தீன் வம்சாவளிக் குழந்தைகள் முதல்முறையாக ஒரே வகுப்பில் உட்கார்ந்து மோதிக்கொண்டிருந்தார்கள். எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளர் பாடத்தையே துண்டுகளாக வெட்டினார். குழுவில் ஒரு குழந்தைக்கு ஒரு துண்டு. அதை அந்தக் குழந்தைதான் மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். தேர்வு முழுப் பாடத்திலும். அவன் வாயைத் திறந்தால்தான் எனக்கு மார்க் என்ற நிலை வந்ததும் குழந்தைகள் காது கொடுத்துக் கேட்கத் தொடங்கினார்கள்.

இரண்டாவது முறை நான் அறிவைச் சோதிக்கும் புதிரை விட்டுவிட்டேன். இந்த அலுவலகத்தில் யாருக்கு எது கைவந்தது என்று ஒரு வாரம் கேட்டுக்கொண்டே திரிந்தேன். அதில் கிடைத்ததுதான் கன்டெய்னர் எண்.

கன்டெய்னர் கதவில் நான்கு ஆங்கில எழுத்து, ஆறு இலக்கம், கடைசியாக ஓர் இலக்கம் இருக்கும். அந்தக் கடைசி இலக்கம் சோதனை எண். ஐ.எஸ்.ஓ. 6346 என்ற உலகத் தரத்தின்படி, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. இடமிருந்து வலமாக 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய் ஒவ்வொன்றோடும் பெருக்கி, கூட்டி, 11-ஆல் வகுத்தால் வரும் மீதிதான் அது. மீதி 10 என்றால் 0 போடுவார்கள். யாராவது ஓர் இலக்கத்தை மாற்றி அடித்துவிட்டால் பெரும்பாலும் கணக்கு இடிக்கும், தவறு தெரிந்துவிடும்.

அலுவலகத்தில் இந்த எண்ணை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். தப்பாக அடித்தால் சாஃப்ட்வேர் ஏற்காது என்பது டைப் செய்யும் பெண்ணுக்குத் தெரியும். கதவில் அந்த இலக்கத்தை மட்டும் தனியாகக் கட்டம் கட்டி எழுதியிருப்பார்கள் என்பது யார்டுக்காரருக்குத் தெரியும். கூட்டிப் பெருக்குவது கணக்குப் பிரிவுக்கு விளையாட்டு. மூவருக்கும் ஆளுக்கு ஒரு துண்டு இருந்தது. அவற்றை ஒட்டியே புதிரை எழுதினேன். சோதனை எண் அழிக்கப்பட்ட இரண்டு கன்டெய்னர்கள். விடை 3, 5. இதேபோல் ஆளுக்கொரு துண்டாகப் பிரித்த வேறு புதிர்களில், கணக்குப் பிரிவின் வவுச்சரிலிருந்து 14, 1. டிரைவர்களின் டிரிப் ஷீட்டிலிருந்து 12, 0.

இந்த எண்களை என்ன செய்வது? வாசலில் இருக்கும் செக்யூரிட்டி பெரியவரிடம் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளின் உயிர்மெய் எழுத்து அட்டை ஒன்றைக் கொடுத்து வைத்திருந்தேன். ஆங்கிலப் புதிர்களில் A-க்குப் பதில் B என்று எழுத்துகளை ஒரே வரிசையில் தள்ளி ரகசியம் எழுதுவது வழக்கம். தமிழில் 18 மெய், 12 உயிர் என்று கட்டமே தயாராக இருக்கிறது. வரிசை எண், நெடுக்கு எண் இரண்டும் சொன்னால் 216 உயிர்மெய்யில் ஒன்று கையில் வந்துவிடும். மூன்றாவது மெய், ஐந்தாவது உயிர்: சு. பதினான்கு, ஒன்று: வ. பன்னிரண்டாவது மெய் ர். அதன் பக்கத்தில் இருக்கும் 0-தான் வெள்ளோட்டத்தில் எல்லோரையும் இருபது நிமிடம் நிறுத்திவிட்டது. சைபரை எடுத்துவிட்டு வெறும் புள்ளி ஒன்றை வைத்தேன். அடுத்த குழு பார்த்தவுடனே “ர், புள்ளி வெச்ச ர்!” என்றது. வெளியாட்களை வைத்து இப்படி ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் எந்தப் புதிர் வேட்டையையும் நடத்தக் கூடாது.

அந்தக் கத்தலுக்குப் பின்னாலும் ஒரு விஷயம் இருக்கிறது. மார்க் பீமன், ஜான் கூனியோஸ் குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வில், விடை சட்டென்று உதிப்பதற்குச் சுமார் 0.3 நொடி முன்பு, மூளையில் வலது காதுக்குச் சற்று மேலே உள்ள பகுதியில் காமா என்ற வேகமான மின்னலைகள் திடீரென உயர்வது பதிவாகியிருக்கிறது. இந்த நொடியை நாம் பறித்துவிடக் கூடாது. அதனால் துப்பு கேட்டு வருபவர்களிடம் விடையைச் சொல்லாமல், “யாரிடம் இன்னும் கேட்கவில்லை?” என்று மட்டும் கேட்போம். பாதிப் பேருக்கு அதுவே போதும்.

சில விஷயங்களில் நான் பிடிவாதமாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வைக்கக் கூடாது, வேலை நேரத்தில்தான். புதிருக்காக அச்சடித்த பில்லில் ‘விளையாட்டு’ என்று சிவப்பு முத்திரை இருக்க வேண்டும், துறைமுகப் பகுதியில் அசல் போன்ற போலித் தாள் உலவுவது ஆபத்து. வெளியே நடக்கும் பகுதி காலை பத்து மணிக்குள் முடிய வேண்டும். ராயபுரத்து வெயிலில் ஐம்பத்தெட்டு வயது டிரைவரை நடக்கவிட்டு யாரையும் இணைக்க முடியாது.

‘சுவர்’ என்று விடை வந்ததும் குழுக்கள் திகைத்தன. எந்தச் சுவர்? டிரைவர் ஒருவர்தான் சொன்னார்: “இன்னாம்மா, நம்ம வால்டாக்ஸ் ரோடு! சுவருக்குப் போட்ட வரிதானே அது?” பதினெட்டாம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனி, இன்று ஜார்ஜ் டவுன் எனப்படும் கறுப்பர் நகரைச் சுற்றிக் கோட்டைச் சுவர் எழுப்பி, அதற்கு மக்களிடமே வரி வாங்க நினைத்தது. அந்தப் பெயர்தான் இன்றும் புழங்குகிறது. சுவரில் மிஞ்சிய ஒரு பகுதி பழைய வண்ணாரப்பேட்டையில் மாடிப் பூங்காவாக நிற்கிறது. அங்கேதான் வேட்டையின் கடைசிப் பெட்டியை வைத்திருந்தோம். அந்த வழியாகத் தினமும் பஸ்ஸில் போகும் நான்கு பேர் முதல்முறையாக அதன் படியேறினார்கள்.

இரண்டு வாரம் கழித்து வேறொரு வேலையாக அந்த அலுவலகத்துக்குப் போயிருந்தேன். மாடியில் அந்தப் பெண் போனில் பேசிக்கொண்டிருந்தாள். “அண்ணா, போட்டோ மங்கலா இருக்கு. கட்டத்துக்குள்ள இருக்கிறது 3-ஆ, 8-ஆ?” கொஞ்சம் கேட்டாள். “இருங்க, நீங்க பார்க்க வேணாம், நானே கூட்டிப் பார்க்கிறேன்” என்று பேனாவை எடுத்தாள்.